தூரத்திலிருந்து மெஷினைத் தொட எந்த வழி? பட்டறைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் ஓர் ஒப்பீடு

திருப்பூரிலோ பெருந்துறையிலோ ஒரு சாயப்பட்டறைக்கு வெளிநாட்டு ஸ்டென்டர் (துணியை இழுத்துப் பிடித்துக் காயவைக்கும் மெஷின்) வந்து இறங்குகிறது. கமிஷனிங் முடித்துக் கிளம்பும்போது சர்வீஸ் இன்ஜினீயர் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு: “ரிமோட் லைன் ஒண்ணு போட்டுக் கொடுத்திருங்க சார், ஏதாச்சும் நின்னு போச்சுன்னா அங்கிருந்தே பார்த்துக்கலாம்.” கேட்பது நியாயம்தான். ஆள் விமானம் ஏறி வந்து சேர்வதற்குள் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும். அதே பழுதை லைன் இருந்தால் ஒரு ஷிப்டுக்குள் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அந்த லைன் எப்படிப்பட்டது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. டீம்வியூவரா, விபிஎன்னா, சிம் போட்ட ரவுட்டரா, கிளவுடா? விற்க வருகிற ஒவ்வொருவரும் தன்னுடையது ஒன்றே போதும் என்பார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தச் சாப்ட்வேர் நல்லது என்று பார்ப்பதற்கு முன், தூரத்தில் இருக்கிற கை என்ன செய்யப்போகிறது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். வெப்பநிலை, மின்சாரம், உற்பத்தி மீட்டர் என்று எண்களைப் பார்ப்பது ஒரு வேலை. மெஷினின் புரோகிராமைத் தொடுவது வேறு வேலை. விலை உயர்ந்த ஒரே கருவியைப் பலர் முறை வைத்துப் பயன்படுத்துவது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே வழி போட்டுக் கொடுப்பதில்தான் பெரும்பாலான ஆபத்து தொடங்குகிறது. இரண்டாவது வேலைக்கு எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், கதவைத் திறக்கிற அதிகாரம் மெஷின் பக்கத்தில் நிற்கிறவரிடம் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் அளவுகோலாக வைத்துத்தான் கீழே ஒவ்வொரு வழியையும் பார்க்கிறேன்.

பரிசீலனைக்கே எடுக்கக் கூடாத வழி

ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே இருக்கும் கருவிக்கு நேராகத் திருப்பிவிடுவது) போட்டு, பிஎல்சியையோ (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்) ஹெச்எம்ஐ திரையையோ (ஆபரேட்டர் தொட்டு இயக்கும் திரை) நேராக இன்டர்நெட்டில் வைப்பது. செலவில்லாதது, பத்து நிமிட வேலை. அதனாலேயே இன்றும் பல இடங்களில் இது நடக்கிறது.

இதில் என்ன கெடுதல் என்றால், கட்டுப்பாட்டுக் கருவிகள் பேசிக்கொள்கிற மொழிகளில் பல, நம்பகமான வயரிங்குக்குள் மட்டும் இருக்கப்போகிறோம் என்ற எண்ணத்தில் உருவானவை. அவற்றில் ஒன்றான மாட்பஸ் 1979-ல் வந்தது. அதன் வழக்கமான வடிவத்தில் “நீ யார்” என்று கேட்கிற ஏற்பாடே கிடையாது. அதற்கான 502-ஆம் போர்ட்டுக்கு, அதாவது இணைப்பு வாசலுக்கு, வந்து சேர்ந்தவர் எவரானாலும் எழுதச் சொன்ன எண்ணை அது எழுதிவிடும். ஷோடன் என்ற தேடுபொறி 2009 முதல், இன்டர்நெட்டில் இப்படித் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடித் தேடிப் பட்டியல் போடுகிறது. நம் பட்டறையை யார் தேடிவரப் போகிறார்கள் என்ற ஆறுதல் செல்லாது. யாரும் உங்கள் பெயரைச் சொல்லித் தேட வேண்டியதில்லை. கருவியின் மாடலைத் தேடினால் போதும், நீங்களும் அதில் வந்துவிடுவீர்கள்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் அலிகிப்பா என்ற சிற்றூரின் குடிநீர் வாரியத்துக்கு 2023 நவம்பரில் நடந்தது இதுதான். தண்ணீர் அழுத்தத்தைக் கூட்டும் நிலையம் ஒன்றில் இருந்த யூனிட்ரானிக்ஸ் பிஎல்சிக்குள் வெளியார் புகுந்து, திரையில் தங்கள் வாசகத்தைப் போட்டுவிட்டார்கள். அந்த வகைக் கருவிகள் கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் பாஸ்வேர்ட் 1111. அந்தக் கருவி இஸ்ரேலில் செய்யப்பட்டது என்பதே அவர்கள் அதைக் குறிவைக்கப் போதுமான காரணமாக இருந்தது. அந்த ஊர் எது என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஊழியர்கள் நிலையத்தைக் கையால் இயக்கும் முறைக்கு மாற்றிக்கொண்டார்கள், குடிநீர் கெடவில்லை.

திரையைப் பகிர்வது: டீம்வியூவர், எனிடெஸ்க்

நம் ஊர்ப் பட்டறைகளில் நடைமுறையில் இருக்கும் ரிமோட் சர்வீஸில் பெரும்பங்கு இதுதான். பேனல் பக்கத்தில் ஒரு லேப்டாப்பை வைத்து, செல்போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து, திரையில் தெரியும் இணைப்பு எண்ணைப் போனில் சொன்னால் வேலை தொடங்கிவிடும். ஃபயர்வால் மாற்ற வேண்டாம், நிலையான ஐபி வேண்டாம். வேலை முடிந்ததும் லேப்டாப்பை மூடிக் கேபிளைப் பிடுங்கிவிட்டால் லைன் அறுந்தது. இப்படி, ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வேலை நடக்கிற நேரத்துக்கு மட்டும் பயன்படுத்தினால் இது அவ்வளவு மோசமான வழி இல்லை. கண் முன்னால் திரை இருக்கிறது, பிடிக்காவிட்டால் கேபிளை உருவிவிடலாம். ஒன்று மட்டும்: வணிக வேலைக்கு உரிமம் வாங்கியே பயன்படுத்த வேண்டும். இலவசப் பதிப்பை வைத்து ஓட்டினால் ஒருநாள் பிரேக் டவுனுக்கு நடுவே இணைப்பு அறுந்துவிடும்.

அதே சாப்ட்வேரை ஸ்காடா கம்ப்யூட்டரிலேயே (ஆலை முழுவதையும் கண்காணித்து இயக்கும் கம்ப்யூட்டர்) நிறுவி, நிரந்தர பாஸ்வேர்டும் போட்டு, இருபத்திநாலு மணி நேரமும் திறந்து வைத்தால் கதை வேறு. 2021 பிப்ரவரி 5-ஆம் தேதி, ஃபுளோரிடாவின் ஓல்ட்ஸ்மார் குடிநீர் நிலையத்தில் இருந்த ஆபரேட்டர், திரையில் சுட்டி தானாக நகர்வதைப் பார்த்தார். சோடியம் ஹைட்ராக்சைடின் (காஸ்டிக் சோடா) அளவு மில்லியனில் 100 பங்கிலிருந்து 11,100 பங்காக மாறியது. அவர் உடனே பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட்டார். அந்நிலையத்தின் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் ரிமோட்டில் நுழைய ஒரே பாஸ்வேர்ட்தான் இருந்தது என்று பின்னர் அரசு அறிவிப்பு ஒன்றில் வெளிவந்தது.

உலகம் முழுக்க இது ஹேக்கர் தாக்குதல் என்றே பேசப்பட்டது. ஆனால் 2023-ல் அந்நகரின் முன்னாள் நிர்வாகி, அது வெளியார் வேலையாக இருக்காது, ஊழியர் ஒருவரின் கைத்தவறாகவே இருக்கும் என்று சொன்னார். வெளியிலிருந்து புகுந்ததை எஃப்பிஐ-யாலும் உறுதி செய்ய முடியவில்லை. எனக்கு இந்தச் சம்பவத்தில் மிகவும் முக்கியமாகப் படுவது இந்த இரண்டாம் பாதிதான். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்றால், நடந்த பிறகு யார் செய்தது என்பதைக்கூடச் சொல்ல முடியாது. நம் பட்டறையில் ஒரு டையிங் ரெசிபி ராத்திரியோடு ராத்திரியாக மாறி, ஒரு லாட் முழுக்க ஷேடு போய்விட்டது என்று வையுங்கள். மெஷின்காரரா, நம் எலக்ட்ரீஷியனா, வெளியாளா? பழி யார் மேல் விழும் என்பதை நினைத்துப் பார்த்தால், ஆளுக்கொரு பெயரும் ஆளுக்கொரு பாஸ்வேர்டும் வேலை செய்கிறவர்களைக் காப்பாற்றத்தான் என்பது புரியும். ஷிப்டில் இருப்பவருக்கு அது உரிமை.

எனிடெஸ்க் நிறுவனமே 2024 பிப்ரவரியில், தன் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததாக அறிவித்து, சான்றிதழ்களை மாற்றியது. டீம்வியூவரும் அதே ஆண்டு ஜூனில் தன் அலுவலக நெட்வொர்க்கில் ஊடுருவல் இருந்ததாகச் சொன்னது. வாடிக்கையாளர் இணைப்புகள் தொடப்படவில்லை என்றும் சொன்னது. இரண்டும் மறைக்காமல் சொன்னது நல்லதே. நடுவில் இருக்கும் நிறுவனத்தின் பாதுகாப்பும் நம் பாதுகாப்பில் ஒரு பகுதி ஆகிவிடுகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விபிஎன்: வலுவான குழாய், அகலமான வாசல்

கம்பெனியில் ஐடி ஆள் இருந்தால் அவர் முதலில் சொல்வது விபிஎன், அதாவது இன்டர்நெட்டுக்குள் மறையாக்கம் செய்த தனிக் குழாய் போட்டு வெளியாளை நம் நெட்வொர்க்குக்குள் கொண்டுவரும் முறை. தொழில்நுட்பமாகப் பார்த்தால் உறுதியானது. வயர்கார்டு போன்ற புதியவை கையடக்கமானவை. வயர்கார்டின் நிரல் நாலாயிரம் வரி அளவுதான், 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் இயங்குதளத்தின் 5.6 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. சரியான சாவி இல்லாமல் தட்டுகிறவருக்கு அது பதிலே சொல்லாது, அங்கே ஒரு வாசல் இருப்பதே வெளியே தெரியாது. மாதச் சந்தா கிடையாது, நடுவில் மூன்றாம் ஆள் கிடையாது.

ஆனால் சாதாரணமாகப் போடப்படும் விபிஎன், உள்ளே வந்தவரை மொத்த நெட்வொர்க்கிலும் விட்டுவிடுகிறது. கிணற்று மோட்டார் பார்க்க வந்தவர் கையில் வீட்டுக் கொத்துச் சாவியைக் கொடுத்தனுப்பியது போல. ஸ்டென்டர்காரருக்கு ஸ்டென்டரின் பிஎல்சி ஒன்று போதும். பாய்லரும் அக்கவுன்ட்ஸ் கம்ப்யூட்டரும் டேலி சர்வரும் அவர் கண்ணுக்கே தெரியக் கூடாது. 2013-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து நாலு கோடி கார்டு விவரங்கள் திருடுபோனதற்குத் தொடக்கம், குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்ததாரருக்குக் கொடுத்திருந்த கணக்குதான்.

இன்னொரு குறை, மறந்துபோன கணக்குகள். 2021 மே மாதம் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் தன் குழாய்த்தொடரையே நிறுத்த வேண்டி வந்தது. உள்ளே வந்த வழி, யாருமே பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் கணக்கு. அதற்குப் பாஸ்வேர்ட் மட்டுமே இருந்தது. போனுக்கு வரும் இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கப்பமாகப் போனது. நம்மிடம் வேலை பார்த்துப் போன சர்வீஸ் இன்ஜினீயர்களின் கணக்குகள் எத்தனை இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று பார்க்கச் சொன்னால், பல இடங்களில் பட்டியலே இருக்காது.

விபிஎன் பெட்டியையும் அவ்வப்போது அப்டேட் செய்துகொண்டே இருக்க வேண்டும். 2024 ஜனவரியில் இவான்டி நிறுவனத்தின் விபிஎன் கருவிகளில் ஓட்டைகள் தெரியவந்தபோது, அமெரிக்க சைபர் பாதுகாப்பு அமைப்பு தன் அரசுத் துறைகளிடம் 48 மணி நேரத்துக்குள் அவற்றைக் கழற்றி வைக்கச் சொன்னது. அந்த வேகத்தில் ஓட நமக்கு ஆள் இருக்கிறாரா? முழுநேர ஐடி ஆள் இல்லாத பட்டறைக்கு, தானே பராமரிக்கிற விபிஎன்னை நான் சிபாரிசு செய்வதில்லை. ஆள் இருந்தால், ஒவ்வொரு வெளியாளுக்கும் ஒரே ஒரு ஐபி, ஒரே ஒரு போர்ட் என்று சுருக்கி, இரண்டாவது சரிபார்ப்பும் போட்டால் இது நல்ல வழி.

சிம் ரவுட்டரும் சாவியும்

பெரும்பாலான நடுத்தரப் பட்டறைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பேனலுக்குள்ளேயே டின் ரெயிலில் (கருவிகளை மாட்டும் உலோகப் பட்டை) மாட்டுகிற தொழிற்சாலை ரவுட்டர். ஈவான், செக்கோமியா, இக்சான் என்று பல நிறுவனங்கள் செய்கின்றன. சீமென்ஸுக்கும் தனி ஏற்பாடு உண்டு. வேலை செய்யும் விதம் ஒன்றுதான். ரவுட்டர் உள்ளிருந்து வெளியே போய் நிறுவனத்தின் கிளவுட் சர்வரோடு இணைகிறது. சர்வீஸ் இன்ஜினீயரும் தன் பக்கத்திலிருந்து அதே சர்வரோடு இணைகிறார். நடுவில் இருவரையும் சேர்த்துவைக்கிறார்கள். நம் பக்கத்தில் எந்தக் கதவும் வெளியே பார்த்துத் திறந்திருக்காது. நம் செல்போன் சிம்களுக்குப் பொதுவாகத் தனி ஐபி முகவரி கிடைப்பதில்லை, பலர் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். வெளியே போகிற இணைப்பு என்பதால் இந்த முறைக்கு அது தடையே இல்லை. ஆபீஸ் நெட்வொர்க்கைத் தொடாமல் தனி சிம்மிலேயே ஓட்டலாம் என்பது இன்னொரு லாபம்.

இவற்றில் பலவற்றில் ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது. விலைப்பட்டியலில் யாரும் கவனிக்காதது, என் கணக்கில் அதுதான் முதன்மை. ரவுட்டரின் பக்கவாட்டில் ஒரு டிஜிட்டல் இன்புட். அதற்கு 24 வோல்ட் வந்தால்தான் ரிமோட் இணைப்பு எழும். அந்த 24 வோல்ட்டை பேனல் கதவில் ஒரு கீ ஸ்விட்ச் வழியாகக் கொடுத்து, கூடவே ஒரு சிவப்பு இண்டிகேட்டர் லாம்பையும் மாட்டிவிட்டால், கதவு யார் கையில் இருக்கிறது என்பதில் சந்தேகமே வராது. சாவி ஷிப்ட் சூப்பர்வைசரிடம். லாம்பு எரிந்தால் யாரோ உள்ளே வரலாம் என்று தரையில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சாவி எதற்கு என்று ஸ்டென்டர் முகப்பில் நின்று பார்த்தால் புரியும். துணியின் கரையைப் பின்னில் ஏற்றுகிற இடத்தில் ஆள் நிற்கிறார். கரை சுருண்டால் கையை நீட்டிச் சரிசெய்கிறார். அந்தச் செயின் திடீரென்று நகர்ந்தால் என்னாகும் என்பது ஜெர்மனியில் திரை முன்னால் இருப்பவருக்குத் தெரியாது. அவர் திரையில் ‘ஸ்டாப்’ என்று இருக்கிறது. அந்தக் கை அங்கே தெரியாது. ஆகவே புரோகிராமில் ஒரு மாற்றம் இறக்குகிற நேரத்தில் எமர்ஜென்சி ஸ்டாப் அழுத்தியிருக்க வேண்டும், ஒருவர் போனிலேயே இருக்க வேண்டும், மெஷின் பக்கத்தில் ஆள் இல்லை என்று வாயால் சொன்ன பிறகே இறக்க வேண்டும். எந்தச் சாப்ட்வேரும் இதற்கு மாற்றாக வராது.

சாவியின் மதிப்பை உலகத்துக்குச் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. 2017-ல் சவூதி அரேபியாவின் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில், ஆபத்து வந்தால் ஆலையை நிறுத்துவதற்கென்றே இருந்த டிரைகோனெக்ஸ் பாதுகாப்புக் கருவிக்குள் ட்ரைட்டன் என்ற தீநிரல் புகுந்தது. அந்தக் கருவியின் முகப்பில் ஒரு சாவி இருக்கிறது. ‘ரன்’ பக்கம் திருப்பி வைத்திருந்தால் யாராலும் புரோகிராமை மாற்ற முடியாது. அது ‘புரோகிராம்’ பக்கத்திலேயே விடப்பட்டிருந்தது.

ஒரு வழக்கமான ரிமோட் சர்வீஸ் எப்படிப் போகும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் நினைப்பதுபோல அதில் மாற்றுவது அதிகம் இல்லை. மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவி திருப்பப்படுகிறது, லாம்பு எரிகிறது. தூரத்தில் இருப்பவர் பிஎல்சி புரோகிராமை ஆன்லைனில் திறந்து எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்று பார்க்கிறார். “ஐ 2.4 வரலை, கதவு சென்சார். போய் ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கிட்டக் காட்டுங்க.” எலக்ட்ரீஷியன் காட்டுகிறார், சென்சாரில் லைட் எரிகிறது. “எரியுதுங்க.” “இங்க வரலை. அப்ப நடுவுல வயர் போயிருக்கு.” கேபிள் செயினுக்குள் வயர் அறுந்திருக்கிறது, முறுக்கி டேப் போட்டதும் மெஷின் ஓடுகிறது. இதில் தூரத்துக் கை எதையும் மாற்றவே இல்லை, பார்த்தது மட்டும்தான். இப்போது வரும் பிஎல்சிகள் பலவற்றில் படிக்க ஒரு பாஸ்வேர்ட், எழுத ஒரு பாஸ்வேர்ட் என்று பிரித்து வைக்கலாம். படிப்பதை மெஷின்காரருக்குக் கொடுத்துவிட்டு, எழுதுவதை நம்மிடம் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் கொடுத்தாலே பாதி ஆபத்து குறைந்துவிடும்.

குறைகள் இல்லாமல் இல்லை. கிளவுட் அந்த நிறுவனத்துடையது. அவர்கள் சேவையை நிறுத்தினாலோ சந்தாவை ஏற்றினாலோ பெட்டி வெறும் பெட்டி. மெஷின்காரர் தன் செலவிலேயே ரவுட்டரை மாட்டிக் கொடுத்தால் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி: கிளவுட்டில் கணக்கு யார் பெயரில்? அவர் பெயரில் இருந்தால், யாரெல்லாம் உள்ளே வந்தார்கள் என்ற பதிவும் அவரிடம்தான் இருக்கும். கணக்கு நம் பெயரில் இருக்க வேண்டும், அவர் அதில் விருந்தாளியாக வர வேண்டும். ஒப்பந்தம் போடும்போதே இதை எழுதி வாங்கிவிட வேண்டும்; மெஷின் வந்து மாட்டிய பிறகு கேட்டால் நடக்காது.

எண்களுக்கு மட்டும் என்றால்

முதலாளி வீட்டிலிருந்து உற்பத்தியைப் பார்க்க வேண்டும், பையர் தண்ணீர்க் கணக்குக் கேட்கிறார், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். இவை எதற்கும் உள்ளே வருகிற வழியே தேவையில்லை.

திருப்பூருக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு ஊரே மாற வேண்டி வந்தது. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் ஆன்லைன் கண்காணிப்புக் கருவி வைக்கச் சொன்னது. ஓட்டமானியின் எண் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வாரிய சர்வருக்குப் போகிறது. போவது எண். அதற்காக யாரும் நிலையத்தின் பம்புகளைத் தொடுகிற வழியைத் திறந்துவைக்க வேண்டியதில்லை.

இந்த வேலைக்கு எம்க்யூடிடி என்ற நெறிமுறை பொருத்தமானது. 1999-ல், பாலைவனத்தில் ஓடும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்கவென்றே உருவானது. மெலிந்த இணைப்பிலும் நிற்கும். பேனலில் ஒரு சின்னக் கருவி பிஎல்சியிலிருந்து எண்களைப் படித்து, மறையாக்கம் செய்து வெளியே தள்ளும். வெளியிலிருந்து வருகிற கட்டளையை அது வாங்கவே கூடாது என்று அமைக்கலாம். இன்னும் உறுதி வேண்டிய இடங்களில், மின் நிலையம், அணு உலை, பெரிய சுத்திகரிப்பு ஆலைகளில், டேட்டா டயோடு (தகவலை ஒரே திசையில் மட்டும் விடும் கருவி) வைக்கிறார்கள். ஒரு பக்கம் ஒளியை அனுப்பும் பாகம் மட்டும், மறுபக்கம் வாங்கும் பாகம் மட்டும். திரும்பிப் போக ஃபைபரே கிடையாது. விலை அதிகம், சாதாரணப் பட்டறைக்கு வேண்டியதில்லை. ஆனால் ‘பார்க்க மட்டும்’ என்பதை சாப்ட்வேர் அமைப்பை நம்பாமல் பொருளிலேயே செய்துவிடலாம் என்பது தெரிந்திருப்பது நல்லது.

மெஷின்காரர் “டேட்டா பார்க்கத்தான் விபிஎன் கேட்கிறேன்” என்றால், நேராகச் சொல்லிவிடலாம்: டேட்டாவை நாங்களே அனுப்புகிறோம்.

பல ஆலைகள், பல வெளியாட்கள் என்றால்

பத்துப் பதினைந்து மெஷின் கம்பெனிகள் வந்துபோகிற பெரிய ஆலைக்கு, ஒவ்வொருவரும் தனித்தனி ரவுட்டர் மாட்டினால் யார் எங்கே நுழைகிறார்கள் என்று எவருக்கும் தெரியாது. அங்கே நடுவில் ஒரு இடைத்தளக் கம்ப்யூட்டர் வேண்டும். எல்லோரும் முதலில் அங்கே வர வேண்டும், அங்கிருந்துதான் மெஷினுக்குப் போக வேண்டும். அபாச்சி குவாக்கமோலி என்ற இலவசச் சாப்ட்வேரை வைத்தே இதைக் கட்டலாம்: வெளியாளுக்கு பிரவுசர் போதும், அவர் பார்ப்பது திரையின் படம் மட்டுமே, நடந்தது முழுக்க வீடியோவாகப் பதிவாகும். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்காக 2023 செப்டம்பரில் புதுப்பித்த 800-82 வழிகாட்டியும் ஆபீஸ் நெட்வொர்க்குக்கும் ஆலை நெட்வொர்க்குக்கும் நடுவே இப்படி ஒரு தளத்தைத்தான் சொல்கிறது.

பதிவு வைப்பது நம் நாட்டில் சட்டக் கடமையும்கூட. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் தங்கள் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட வகைச் சைபர் சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும் என்பதும் அதில் உண்டு. ரவுட்டரில் ஒரு நேரம், பிஎல்சியில் ஒரு நேரம் என்று இருந்தால் எத்தனை பதிவு இருந்தும் பயனில்லை. இந்த வழி நல்ல வழி, ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆளில்லாமல் கட்டிப் போட்ட இடைத்தளம் அப்டேட் ஆகாமல் கிடந்து, அதுவே பெரிய ஓட்டையாகிவிடும்.

கருவியைப் பகிர்கிறபோது

பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் கேட்கிற கேள்வி கொஞ்சம் வேறு. ஒரு எலக்ட்ரான் நுண்ணோக்கியோ தொலைநோக்கியோ கோடிக்கணக்கில் விலை. பல ஊர் ஆட்களுக்கு அது வேண்டும். அவர்களுக்குத் தூரத்திலிருந்து கையைக் கொடுப்பதா, வேலைச் சீட்டை மட்டும் வாங்கிக்கொள்வதா?

இரண்டுக்கும் லடாக்கின் ஹான்லேயில் அருகருகே உதாரணம் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கியை, பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள். காவலூர் வானாய்வகத்தை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனத்துடையது அது. புவிநிலைச் செயற்கைக்கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், கட்டளை போய்ப் பதில் வர அரை நொடி ஆகும். வானியலாளர் திரையில் படம் பார்த்துத் தீர்மானிக்கலாம்; மெல்லிய காற்றில் மூச்சு வாங்க வேண்டியதில்லை. ஆனால் மலையில் ஊழியர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அதே மலையில் 2018-ல் கண்திறந்த 0.7 மீட்டர் குரோத்-இந்தியா தொலைநோக்கி, மும்பை ஐஐடியும் வானியற்பியல் நிறுவனமும் சேர்ந்து அமைத்தது. அது தானியங்கி. எந்தப் பொருளை, எந்த வடிகட்டியில், எவ்வளவு நேரம் என்று வேலையை வரிசையில் போட்டுவிட்டால், தொலைநோக்கி தானே பார்த்து முடிக்கிறது. யாரும் நேரடியாகத் தொடுவதில்லை.

எங்கெல்லாம் வேலையை முன்கூட்டியே எழுதிக்கொடுக்க முடியுமோ அங்கெல்லாம் இந்த இரண்டாவது முறையையே நான் விரும்புவேன். மாதிரியை அனுப்பு, அமைப்பைப் படிவத்தில் எழுது, முடிவு கோப்பாக வரும். எக்ஸ்ஆர்டி (எக்ஸ்கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை), நிறமாலை அளவீடு போன்றவை பெரும்பாலும் இதில் அடங்கிவிடும். கருவி எப்போதும் கருவியைத் தெரிந்த ஆளிடமே இருக்கிறது, பாஸ்வேர்ட் ஊர் சுற்றுவதில்லை, தென்மாவட்டக் கல்லூரி மாணவிக்கும் ஐஐடி மாணவருக்கும் ஒரே வரிசை. பார்த்துக்கொண்டே தீர்மானிக்க வேண்டிய வேலைகளுக்கு, நுண்ணோக்கியில் எந்த இடத்தைப் பெரிதாக்குவது என்பது போன்றவற்றுக்கு, நேரடி இயக்கம் வேண்டும். அப்போது முன்பதிவு நேரம் தொடங்கும்போது திறந்து, முடியும்போது தானாக மூடிக்கொள்ளும் கணக்காக அது இருக்க வேண்டும். முன்பதிவுப் பட்டியலும் நுழைவு அனுமதியும் தனித்தனியாக இருப்பதால்தான் பழைய மாணவர்களின் கணக்குகள் ஆண்டுக்கணக்கில் திறந்து கிடக்கின்றன.

எலக்ட்ரான்களை வட்டப்பாதையில் சுழற்றி வலுவான எக்ஸ்கதிர் எடுக்கும் சிங்க்ரோட்ரான் நிலையங்களில் உலகெங்கும் ஆய்வாளர்கள் புரதப் படிகங்களை உறையவைத்து அனுப்பிவிட்டு வீட்டிலிருந்தே சோதனையை ஓட்டுகிறார்கள். ஆனால் கதிர் பாயும் அறைக்குள் ஆள் இல்லை என்று நடந்து பார்த்துப் பூட்டுகிற வேலையை அங்கேயும் தூரத்துக்குக் கொடுப்பதில்லை, நேரில் நிற்கிற ஒருவர்தான் செய்கிறார். ஸ்டென்டரின் எமர்ஜென்சி ஸ்டாப்பைப் பற்றிச் சொன்னதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஒன்றிரண்டு வெளிநாட்டு மெஷின், ஐடி ஆள் இல்லை: கீ ஸ்விட்சோடு சிம் ரவுட்டர், கணக்கு உங்கள் பெயரில். அதற்குக்கூடப் பணம் இல்லாவிட்டால், உரிமம் வாங்கிய திரைப்பகிர்வு, தனி லேப்டாப்பில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். ஐடி ஆள் இருக்கிறார், வெளியாட்கள் குறைவு: சுருக்கிய விபிஎன். வெளியாட்கள் அதிகம்: இடைத்தளம். எண்கள் எப்போதும் தனி வழியில், வெளியே போகிற திசையில் மட்டும்.

எந்த வழியைப் போட்டாலும் ஒரு சோதனையை நான் வற்புறுத்துவேன். 2015 டிசம்பர் 23-ஆம் தேதி உக்ரைனில் மூன்று மின்விநியோக நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அறைகளுக்குள் ரிமோட் வழியாகப் புகுந்தவர்கள் பிரேக்கர்களைத் திறந்துவிட்டார்கள். ஆபரேட்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கச் சுட்டி தானாக நகர்ந்தது. சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. சில மணி நேரத்தில் அது திரும்பி வந்ததற்குக் காரணம், துணைமின் நிலையங்களுக்கு வண்டியில் போய்ப் பிரேக்கரைக் கையால் போடத் தெரிந்த லைன்மேன்கள் இருந்ததுதான். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெஷின் காலியாக இருக்கும்போது, சிம்மைக் கழற்றி, நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கிவிட்டு, ஷிப்டில் இருப்பவர்களிடம் மெஷினை ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். பர்னரைப் பாதுகாப்பாக அணைப்பது, துணி கருகாமல் செயினைக் கையால் வெளியேற்றுவது, கடைசியாகச் சேமித்த பிஎல்சி புரோகிராம் எந்த பென்டிரைவில் இருக்கிறது என்று எடுத்துக்காட்டுவது, இந்த மூன்றும் முடிந்தால் மெஷின்காரரைக் கூப்பிட்டு லைன் தயார் என்று சொல்லலாம்.